ஜாபிதாவில் இல்லாத கயிறு

பிரதிவாதி ரத்தினசாமி சத்தியம் செய்து கொடுத்த ஜாபிதாவில், அந்த ஆதாரப் பட்டியலில், ஐந்து காகிதங்கள் இருந்தன. தோல் பதனிடுகிற ஷாப்பு நிற்கிற இடத்தின் பட்டா, லைசென்சு, கட்டட வரைபடம், தாலுகா போர்டுக்கு அவர் எழுதிய இரண்டு கடிதங்கள். அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு வரி. சுண்ணாம்புக் குழிகளைத் திறந்துவிடுவது பற்றிய எந்தப் பதிவும் எங்களிடம் இப்போதும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை.

வக்கீல் ராமமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சத்தமாகப் படித்தார். ஜெயம்மாளும் அவள் தம்பி அந்தோணியும் வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்று கேட்டார்கள். ஆம்பூரிலிருந்து காலை ரயிலில் காட்பாடிக்கு வந்து, அங்கிருந்து வேலூருக்கு நடந்து வந்திருந்தார்கள்.

"பொய்," என்றாள் ஜெயம்மாள்.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான்."

"சத்தியம் பண்ணிச் சொன்னா பொய் நெசமாயிடுமா சாமி?"

ராமமூர்த்தி காகிதத்தை மடித்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் முன்சீப் இரண்டு பக்கத்துக்கும் ஒரே உத்தரவு போட்டிருந்தார். விசாரணை தொடங்குவதற்கு முன்பே, வழக்கு சம்பந்தமாக அவரவர் கையில் என்னென்ன ஆதாரம் உண்டோ அதையெல்லாம் எழுதி, சத்தியம் செய்து, எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது. இப்போது சொல்லாததைப் பின்னால் மடியிலிருந்து எடுத்து நீட்டவும் முடியாது. ஜெயம்மாள் தரப்பில் மூன்று காகிதம் கொடுத்திருந்தார்கள். நிலத்தின் பட்டா, தீர்வை ரசீது, போர்டுக்குப் போட்ட மனு.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஷாப்புத் தண்ணீர் அவள் நிலத்து ஓரமாகப் போகிற வாய்க்காலில் விழக் கூடாது. கோலார் சுரங்கத்துக்குப் போய் அங்கேயே செத்த புருஷன், சாவதற்கு முன்னால் அனுப்பியதில் வாங்கிய அரை ஏக்கர் அது. அதில் ஒரு கிணறு. இரண்டு வருஷமாக அந்தக் கிணற்றில் இறைத்தால் தண்ணீர் ஆவாரம்பட்டைச் சாறு போல வருகிறது. கேழ்வரகு நாற்று வெளுத்துப் படுத்துவிடுகிறது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதற்கு முன்பும் ஊர்ப் பொதுக் கிணற்றில் யாரும் அவளை இறைக்க விட்டதில்லை. இப்போதும் விடுவதில்லை. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து பாலாற்று மணலைத் தோண்டுகிறாள்.

ரத்தினசாமி தாக்கல் செய்த பதிலில், குழித் தண்ணீரை மாதம் ஒருமுறை வண்டியில் ஏற்றி வெளியே அனுப்புகிறோம், வாய்க்காலில் ஒரு சொட்டும் விடுவதில்லை என்று இருந்தது.

"பதிவே இல்லைன்னு சொல்றான். இருக்குன்னு நாம எப்படிக் காட்டறது?" என்றார் ராமமூர்த்தி.

அந்தோணி தரையைப் பார்த்துக்கொண்டு முனகினான். "அப்ப மேஸ்திரி ஆணியில தொங்கற கயிறு இன்னாவாம்?"

"என்ன கயிறு?"

"குழிக் கயிறுங்க."

ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். மூலையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா முக்தார் அகமது பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அந்தோணி ஒன்பது வருஷம் ரத்தினசாமி ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஆளாக இருந்தவன். திக்கித் திக்கிச் சொன்னான். தோல் குழியில் ஊறுகிற ஒவ்வொரு நாளும் கயிற்றில் ஒரு முடிச்சு. பன்னிரண்டு பதின்மூன்று நாளில் தோலை எடுத்துவிட்டுக் குழித் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டால் ஒரு கண்ணி போட்டு அதில் தோல் துண்டு ஒன்றைக் கோப்பார்கள். திறந்துவிடுவது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி. வண்டியில் ஏற்றினால் அது வண்டிக்காரன் பாடு, கண்ணி கிடையாது. கயிறு இரண்டு. ஒன்று மேஸ்திரி ஆணியில் தொங்கும். இன்னொன்று குழி ஆள் வீட்டில் இருக்கும்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?"

"ஒரே மாதிரிதாங்க. அதுக்குத்தானே ரெண்டு."

"உன் கயிறு உன்கிட்ட இருக்கா?"

"கடைசிக் கயிறு இருக்குங்க. பொங்கல்ல இருந்து ஆடி வரைக்கும். கூலி தீர்க்கல, அதனால குடுக்கல."

ராமமூர்த்தி எழுந்தே விட்டார். "மடையா! போன மாசம் இங்க நின்னு, வேற என்ன இருக்குன்னு மூணு தரம் கேட்டேனா இல்லையா? ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்ன?"

"அன்னிக்கு எடுத்தாந்தேங்க."

"எங்க?"

"தெரு முனையில. புங்க மரத்துல மாட்டிட்டு வந்தேன்."

"மரத்துலயா? ஏன்?"

ஜெயம்மாள்தான் சொன்னாள். "ஏன்னா கேக்கறீங்க? நாங்களே படிக்கு இந்தப் பக்கம் நிக்கறோம். தோலும் சுண்ணாம்பும் நாறுற கயித்த உள்ள வுடுவீங்களா? மொத நாளு இவன் படியில காலு வெச்சதுக்கு உங்க வீட்டு ஆளு தண்ணி ஊத்திக் கழுவினான். பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

ராமமூர்த்தியின் முகம் சிவந்தது. "நான் காகிதம் ஏதாவது..."

"ஆமா. காகிதம்னு கேட்டீங்க. எங்ககிட்ட காகிதம் ஏது?"

பிறகு ராமமூர்த்தி அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எழுத்தாலோ எண்ணாலோ அடையாளத்தாலோ எந்தப் பொருளின் மேல் ஒரு விஷயத்தைப் பதித்தாலும் அது பத்திரம்தான் என்று சட்டத்தில் இருந்தது. காகிதம் என்று அதில் எங்கேயும் கட்டாயமில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டவர் அவர். ஆனாலும் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நாளைக்கே கொண்டு வா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கயிறு வந்தது. பன்னிரண்டு முழம். சுண்ணாம்பில் வெளுத்து விறைத்திருந்தது. ராமமூர்த்தி மூக்கில் துணியை வைத்துக்கொண்டு, "முக்தார், நீங்களே பாத்துக்குங்கோ," என்று உள்ளே போய்விட்டார். முக்தார் அகமது வெளிப்படியில் வந்து உட்கார்ந்தார். கயிற்றை மடியில் போட்டு ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டு எண்ணினார். நூற்று எழுபத்து நான்கு முடிச்சு. பதினான்கு கண்ணி. கூடுதல் ஜாபிதா ஒன்று எழுதினார். இதற்கு ஜோடியான கயிறு பிரதிவாதியிடம் இருக்கிறது, அதைக் காட்ட வேண்டும் என்று மனுவும் எழுதினார். முன்பே ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. காகிதம் மட்டுமே கேட்கப்பட்டதால் என்று எழுதினார். புங்க மரத்தைப் பற்றி எழுதவில்லை.

"அந்தோணி, இதுல நீ ஒண்ணு ஒத்துக்கணும்," என்றார் அவர். "பதினாலு தரம் குழியைத் திறந்தது யாரு?"

"நான்தான் பாய்."

"வாய்க்கால்லயா?"

"வாய்க்கால்லதான்."

"அந்த வாய்க்கா எங்க போவுதுன்னு தெரியுமா?"

அந்தோணி அக்காவைப் பார்க்கவில்லை. "தெரியும்."

ஜெயம்மாளுக்கு இது புதிதல்ல. எட்டு மாதத்துக்கு முன்னால் தன் கிணற்றுத் தண்ணீரில் ஒரு குடம் எடுத்துக்கொண்டு போய், ஷாப்பு வாசலில் அத்தனை பேர் முன்னிலையில் அவன் தலையில் ஊற்றிவிட்டு வந்தவள் அவள். அன்றைக்கு வேலையை விட்டவன்தான். ஆனாலும் வெயிலில் நின்று அவன் வாயால் கேட்டபோது அவள் முக்தார் அகமதுவின் காகிதத்தைக் காட்டினாள்.

"நல்லா எழுதிக்கோங்க பாய்," என்றாள். "கூடப் பொறந்தவன்தான் திறந்தான்னு எழுதுங்க. சாராயத்துக்குத் திறந்தான்னும் எழுதுங்க."

"அதெல்லாம் வேணாம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

"சாராயத்துக்கு இல்லக்கா," என்றான் அந்தோணி. "நான் தொறக்காட்டி இன்னொருத்தன் தொறப்பான்."

"அந்த இன்னொருத்தன் எனக்குத் தம்பி இல்லடா!"

முக்தார் அகமது மைக்கூட்டை நகர்த்தி வைத்தார். அந்தோணி கட்டை விரலை மையில் தோய்த்து அழுத்தினான்.

பதினெட்டாம் நாள் எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து பதில் வந்தது. தேடிப் பார்த்ததில் கயிறு கிடைத்திருக்கிறது, அது கணக்குப் பத்திரம் என்று தோன்றாததால் முன்பு சேர்க்கவில்லை, வந்து பார்த்துக்கொள்ளலாம். ராமமூர்த்தி படித்துவிட்டுச் சோர்ந்து போனார். எரித்துவிட்டோம் என்று சொல்வார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவர்களாகவே காட்டுகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

இருந்தது. எதிர் வக்கீலின் அலுவலகத்தில் மேஜை மேல் கயிற்றை விரித்து வைத்திருந்தார்கள். நூற்று எழுபத்து நான்கு முடிச்சு. கண்ணி ஒன்றுகூட இல்லை.

ரத்தினசாமி ஜன்னல் ஓரம் பட்டு அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மேஸ்திரி கோவிந்தசாமி. இடது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு சுவரை ஒட்டி நின்றான்.

"பாத்துக்கோங்க," என்றார் எதிர் வக்கீல். "நாள் கணக்கு சரியா இருக்கு. திறந்துவிட்ட அடையாளம் எதுவும் இல்லை. உங்க ஆள் வீட்டுல உக்காந்து அவனா கண்ணி கோத்திருக்கான்."

ரத்தினசாமி ஜெயம்மாளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, தம்பியே திறந்தேன்னு கைநாட்டு வெச்சிருக்கான். அவன் மேல போடாத தாவா என் மேல எதுக்கு? குடும்பச் சண்டைய கோர்ட்டுக்குக் கொண்டாந்துட்டு ஏன் எல்லாருக்கும் பேஜாரு?"

"அவன் தலையில ஊத்திட்டேன். உன் தலை பாக்கி," என்றாள் ஜெயம்மாள்.

"மரியாதையாப் பேசச் சொல்லுங்க!"

ராமமூர்த்தி அவளை அடக்கப் பார்த்தார். இதற்குள் அந்தோணி மேஜையருகே போய்விட்டான். கயிற்றைத் தொடாமல் குனிந்து பார்த்தான். ஒரு முழம் பார்த்தான், இன்னொரு முழம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நேராகக் கோவிந்தசாமியிடம் கேட்டான்.

"இன்னா மேஸ்திரி இது? உன் கயித்துல நீயே போட்டுக்கினியா?"

கோவிந்தசாமி துண்டை இழுத்துக் கையை இன்னும் மூடிக்கொண்டான்.

"யார் போட்டா என்ன?" என்றார் எதிர் வக்கீல். "மேஸ்திரி கயிறு, மேஸ்திரி போட்டிருக்கான்."

"மேஸ்திரி கயித்துல மேஸ்திரி போடக் கூடாதுங்க. என் கயித்துல அவரு போடுவாரு. அவரு கயித்துல நான் போடுவேன். காலையில குழி மேட்டுல ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு போடுவோம். தன் கயித்துல தானே போட்டுக்கிட்டா அது திருட்டு முடிச்சு. ஷாப்புல எவனைக் கேட்டாலும் சொல்வான்."

"சரி, நீ போட்டதுதான் இதுன்னு வெச்சுக்கோ."

"நான் சோத்துக் கைக்காரன்ங்க. மேஸ்திரி இடக்கை. அவரு முடிச்சு இந்தப் பக்கம் சாயும், என்னுது அந்தப் பக்கம் சாயும். இதுல நூத்தி எழுபத்தி நாலும் இந்தப் பக்கம்."

முக்தார் அகமது தன் பையிலிருந்து அந்தோணியின் கயிற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குனிந்து பார்த்தார். இரண்டு கயிற்றிலும் முடிச்சுகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இரண்டையும் போட்டது ஒரே கைதான். அந்தோணி கயிற்றில் பதினான்கு கண்ணியைக் கோத்ததும் அதே கைதான்.

"ஐயா," என்று முக்தார் அகமது ராமமூர்த்தியிடம் மெதுவாகச் சொன்னார், "நம்ம கயிறு அவங்க ஆளே எழுதிக் குடுத்த சீட்டு."

எதிர் வக்கீல் ரத்தினசாமியின் பக்கம் திரும்பினார். ரத்தினசாமி கோவிந்தசாமியின் பக்கம் திரும்பினார். கோவிந்தசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் பின்னால் வேறு யாரும் இல்லை.

தெருவுக்கு வந்ததும் ராமமூர்த்தி அந்தோணி மேல் பாய்ந்தார். "இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலியே. ரெண்டும் ஒரே மாதிரியான்னுதானே கேட்டீங்க?"

அடுத்த வாரம் கோர்ட்டில் முன்சீப் அதிகம் பேசவில்லை. கயிற்று நாற்றம் அவருக்கும் பிடிக்கவில்லை, கைக்குட்டையை எடுத்தார். ஆனால் எழுந்து வந்து பார்த்தார். ஒரு துண்டு நூல் கயிறு கொண்டுவரச் சொல்லி அந்தோணியை ஒரு முடிச்சுப் போடச் சொன்னார். பிறகு கோவிந்தசாமியைக் கூப்பிட்டார். கோவிந்தசாமி வலது கையால் ஆரம்பித்தான். கயிறு நழுவியது. மறுபடி ஆரம்பித்தான். மூன்றாம் தரம் கயிறு கீழே விழுந்தபோது கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள்.

"உன் வழக்கம் போலப் போடு," என்றார் முன்சீப்.

கோவிந்தசாமி இடது கையால் போட்டான். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

பொய் ஜாபிதா, பொய்க் கயிறு, இரண்டுக்கும் சத்தியம். பிரதிவாதியின் பதிலையே தள்ளிவிட்டார் முன்சீப். விசாரணைக்கு வேலையில்லாமல் போனது. ஷாப்புத் தண்ணீர் இனி அந்த வாய்க்காலில் விழக் கூடாது என்று உத்தரவானது. கெட்டுப்போன கிணற்றை யார் சரி செய்வது என்று பிராதில் கேட்கவில்லை, அதனால் உத்தரவிலும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று ஜெயம்மாள் கேட்டதற்கு, "அது வேற மாதிரி தாவா," என்றார் ராமமூர்த்தி. அவர் சந்தோஷமாக இருந்தார். கோர்ட்டு வாசலில் நாலு வக்கீல்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கயிற்றுக் கதையைக் கேட்டார்கள். முடிச்சு சாய்கிற பக்கத்தைத் தானே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். முக்தார் அகமது கொஞ்சம் தள்ளி நின்று காகிதங்களை அடுக்கினார்.

வெளியே மதில் ஓரமாகக் கோவிந்தசாமி குந்தியிருந்தான். ரத்தினசாமியின் வண்டி அவனை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது.

அந்தோணி நின்றான். "ஏன் மேஸ்திரி? வேற எவனாவது சோத்துக் கைக்காரன வெச்சுப் போட்டிருந்தா நாங்க செத்தோம். உனக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா. ஆள் ஒருத்தனக் கூட்டிக்கினு வரேன்னு கேட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மொதலாளி என்னை ரூம்புல போட்டுப் பூட்டிட்டாரு. முடிஞ்சதும் சுண்ணாம்புல முக்கி வெயில்ல காய வெக்கச் சொன்னாரு." கோவிந்தசாமி எச்சிலைத் துப்பினான். "குழி மேட்டுக்கு ஒரு நாளாவது வந்திருந்தாத்தானே எவன் எவனுக்குப் போடறான்னு அவருக்குத் தெரியும்."

"நீ சொல்லியிருக்கலாமே."

"எனக்கு இன்னா வந்துச்சு? போட்டுக் குடுறான்னாரு, போட்டுக் குடுத்தேன்."

ஜெயம்மாள் முன்னால் வந்தாள். "பதினாலு கண்ணி கோத்தியே. ஒண்ணு கோக்கும்போதாவது அந்தத் தண்ணி எங்க போவுதுன்னு நெனச்சியா?"

"நெனக்கறதுக்கா கோத்தேன்? இவனுக்குக் கூலி சேரணும்னு கோத்தேன்." அவன் அந்தோணியைக் காட்டினான். "உன் தம்பிக்கு நான் ஒரு கண்ணியும் கம்மி போட்டதில்ல. அவனையே கேளு."

அவள் கேட்கவில்லை. அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவன் முகத்தில் காறித் துப்பாமல் நடந்தாள்.

அந்த மாதத்துக்குள் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரை எந்த ஷாப்பிலும் அந்தோணிக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. பேரைக் கேட்டார்கள், ஆள் வேண்டாம் என்றார்கள். ரத்தினசாமி வாய்க்காலை மண் போட்டு மூடி, குழித் தண்ணீரை ஷாப்புக்கு அந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் யார் நிலம் என்று ஜெயம்மாள் விசாரித்தாள். குடியாத்தத்தில் இருக்கிற யாரோ ஒருவருடையது, தரிசு என்றார்கள்.

கிணற்றுத் தண்ணீர் அப்படியேதான் இருந்தது. காலையில் மேலே ஏடு படிந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

வேலை தேடி அலைந்துவிட்டு ஒரு மத்தியானம் அந்தோணி வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்தான். சோறு கேட்டான். ஜெயம்மாள் சோற்றைப் போட்டாள். தின்று முடிக்கிற வரை நின்றாள். பிறகு வாளியையும் தாம்புக் கயிற்றையும் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

"இறை."

"எதுக்கு? இத எதுக்கும் ஊத்த முடியாதே."

"பாறையில ஊத்து. அந்தப் பக்கம் ஓடட்டும். ஊத்துக்கண்ணு தெரியற வரைக்கும் இறை, மறுபடி ஊறட்டும், மறுபடி இறை. நீ திறந்த தண்ணிதானே? நீயே எடு."

"எத்தன நாளைக்குக்கா?"

"தெளியற வரைக்கும்."

"தெளியாட்டி?"

அவள் வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். அவன் எழுந்து தாம்பை இறக்கினான். சாயங்காலம் வரை இறைத்தான். மறுநாளும் வந்தான். மூன்றாம் நாள் இடுப்பில் ஒரு முழக் கயிற்றைச் செருகிக்கொண்டு வந்தான். இறைத்து முடித்ததும் அதை எடுத்து நீட்டினான்.

"நாளுக்கு ஒரு முடிச்சு போடுக்கா. மூணு நாளாயிடுச்சு."

ஜெயம்மாள் அதைப் பிடுங்கினாள். கிணற்றுக்குள்ளே வீசினாள். அது அந்தப் பழுப்புத் தண்ணீரில் விழுந்து மிதந்தது.

"இதுக்கு ஒருத்தரும் கூலி குடுக்க மாட்டாங்க," என்றாள். "நாளைக்கு வெடியறதுக்குள்ள வா."